ஆயா வாயால் சொல்லாத பெயர்

என் தாத்தாவுக்கு முன்பு பிறந்த குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. ஒன்று தீட்டுக் கழியும் முன்பே போய்விட்டது. ஒன்று தவழ்கிற வயதில் அம்மை கண்டு போனது. இன்னொன்றைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததே இல்லை. அடுத்து உண்டானபோது தாத்தாவின் அம்மா மஞ்சள் துணியில் காலணாவை முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தார். இந்தப் பிள்ளையாவது தங்கினால் நடந்தே வந்து முடி இறக்குகிறேன், உன் பெயரையே வைக்கிறேன் என்று வேண்டுதல். பிள்ளை தங்கியது. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து நகரி, புத்தூர், நாராயணவனம், திருச்சானூர் என்று நடந்து, அலிபிரியில் படியேறி, மேல்திருப்பதியில் முடி இறக்கினார்கள். மலைக்கு முதல் வண்டிப் பாதை வந்தது 1944-இல்தான். அதற்கு முன்பு நடைதான்; நடக்க முடியாதவர்களுக்கு டோலி. மலையிலிருந்து இறங்கியபோது பிள்ளைக்கு ஏழுமலை என்று பெயராகியிருந்தது.

பிள்ளை தங்காத வீடுகளில் அந்தக் காலத்தில் இரண்டு விதமாகப் பெயர் வைத்தார்கள். குப்பன், பிச்சை என்று வைப்பது ஒரு வழி. குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளை, பிச்சை வாங்கிய பிள்ளை, இதை யாரும் பொருட்படுத்த வேண்டாம் என்று எமனுக்குச் சொல்வது போன்ற பெயர்கள் அவை. இன்னொன்று சாமியிடமே ஒப்படைத்துவிடுவது. ஏழுமலை இந்த இரண்டாம் வழியில் வந்த பெயர். அந்தப் பெயருள்ள முதியவர்கள் யாரையாவது கண்டால், அவருக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். பல வீடுகளில் ஒரு தாயின் கண்ணீர்க் கதை வெளியே வரும்.

வட ஆர்க்காட்டிலும் சித்தூர்ப் பக்கத்திலும் பழைய வாக்காளர் பட்டியலை எடுத்து வாசித்தால், எந்த ஊர்க்காரர்கள் எந்த மலையை நம்பி இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். தணிகைமலை, தணிகாசலம், தணிகைவேல் என்று வரிசையாக வந்தால் அது திருத்தணி முருகனின் ஆட்சி. கடிகாசலம் என்று கண்டால் சோளிங்கர் நரசிம்மரின் 1,305 படிகளை ஏறி இறங்கிய குடும்பம். அண்ணாமலையும் அருணாசலமும் தெற்கே கைகாட்டும். காளத்தியும் கண்ணப்பனும் காளத்தியைக் காட்டும். திருப்பதிக்கோ கணக்கில்லை: வெங்கடேசன், வெங்கடாசலம், வெங்கட்ராமன், சீனிவாசன், கோவிந்தசாமி, திருமலை, திருப்பதி, ஏழுமலை. ஒரு சாமிக்கு இத்தனை பெயர்கள் இருந்தாலும் எந்தப் பெயர் எந்த வீட்டுக்குப் போகும் என்பதில் ஒரு வழக்கம் இருந்தது. வடமொழி படித்த வீடுகளில் வெங்கடேசனும் சேஷாத்ரியும் பிறந்தார்கள். திருமலை என்ற பெயருக்கு 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் ஓர் அரண்மனையே எழும்பியது. ஏழுமலை என்ற பெயரைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் ஏர் பிடித்தவர்கள், தறிக்குழியில் கால் வைத்தவர்கள், கல் உடைத்தவர்கள். 2014-இல் ஆரணித் தொகுதியிலிருந்து மக்களவைக்கு ஒரு ஏழுமலை போனபோது, கட்சி வேறுபாடு பாராமல் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நாடாளுமன்றத்தில் அந்தப் பெயரை வாசித்துக் கூப்பிட்டிருப்பார்களே!

இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது என்பதுதான் இதன் முதல் சிறப்பு. வெங்கடேசன் என்றால் வேங்கடத்துக்கு ஈசன் என்று ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு வேங்கடம் என்றால் என்ன என்ற கேள்வி எழும். 'வேம்' என்றால் பாவம், 'கடம்' என்றால் எரிப்பது, பாவத்தை எரிக்கும் இடம் என்று கோயில் வழியில் சொல்வார்கள். வெம்மையான காட்டுவழி என்று தமிழ் வழியில் பொருள் கொள்வோரும் உண்டு. ஏழுமலைக்கு இந்தச் சிக்கலே இல்லை. எண்ணத் தெரிந்த குழந்தைக்குப் புரியும். ஆதிசேடனின் ஏழு படங்களே ஏழு மலைகளாயின என்பது நம்பிக்கை. சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சனாத்ரி, விருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் சொல்வார்கள். கோயில் இருப்பது வேங்கடாத்ரியில். ஆக, வேங்கடாத்ரி என்று பெயர் வைத்தால் ஒரு மலை. ஏழுமலை என்று வைத்தால் ஏழும் சேர்த்து. எங்கள் ஆட்கள் பேரம் பேசாமல் முழுவதையும் பிள்ளை தலையில் வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். சாமிக்குப் பெயர் ஏழுமலையான். பிள்ளைக்கு ஏழுமலை. அந்த 'யான்' சாமிக்கே உரியது என்று விட்டுவிட்டு, மலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இலக்கண ஆசிரியர் இதை இடவாகுபெயர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கோ இதில் குலசேகர ஆழ்வாரின் குரல் கேட்கிறது. சேர நாட்டை ஆண்ட மன்னர் அவர். அந்த மலையில் குருகாகப் பிறக்க வேண்டும், சுனையில் மீனாக வேண்டும், செண்பக மரமாக நிற்க வேண்டும், வாசற்படியாகக் கிடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 'எம்பெருமான் பொன்மலைமேல் ஏதேனும் ஆவேனே' என்று முடிக்கிறார். எழுத்தறியாத என் பூட்டி பாசுரம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் பிள்ளையை அந்த மலையாகவே ஆக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆசையில் இருவரும் ஒன்றுதான்.

இந்தப் பெயரோடு வேறு ஊர்ப் பெயர்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. உசிலம்பட்டி அருகே இருக்கும் எழுமலை குறில் எகரத்தில் தொடங்குவது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் கடலோரம் நிற்கும் ஏழிமலை, சங்கப் பாடல்களில் நன்னனுடைய ஏழில் மலையாக வருவது. இரண்டுக்கும் எங்கள் ஏழுமலைக்கும் உறவில்லை.

இப்போது ஆயாவைப் பற்றி, அதாவது தாத்தாவைக் கட்டிக்கொண்ட என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. முருகனையோ கந்தனையோ கட்டிக்கொண்டவர்களுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ஏழுமலையைக் கட்டிக்கொண்ட ஆயாவுக்கு ஒரு எண்ணும் போயிற்று, ஒரு மலையும் போயிற்று. எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. தாத்தா லுங்கி நெய்வார், ஆயா ராட்டையில் தார் சுற்றுவார், அதாவது நெசவு நூலைச் சிறு குழல்களில் சுற்றுவார். சுற்றிய தார்களை மூங்கில் கூடையில் எண்ணிப் போடுவார். ஐந்து, ஆறு, ஏடு, எட்டு. கை நிற்காது, குரலும் தடுமாறாது. அந்த ஓர் எண் மட்டும் தெலுங்கில் வரும், மீண்டும் தமிழ் ஓடும். மலையைக் 'கொண்ட' என்பார். ஆட்டை எங்கே ஓட்டினாய் என்று கேட்டால் கொண்டப் பக்கம் என்பார். சாயங்காலம் ஏழு மணி பஸ் அவருக்கு 'ஏடு பஸ்'. சின்ன வயதில் நாங்கள் பேத்திகள் வேண்டுமென்றே விரல்களைக் காட்டி, இது எத்தனை ஆயா என்று கேட்போம். விரல்களைப் பிடித்து மடக்கி முத்தம் கொடுப்பாரே தவிர, அந்தச் சொல் வராது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் தெருவில் நாமம் போட்ட செம்போடு அரிசி கேட்டு வருவார்கள். ஆயா முறத்தில் அரிசியோடு வாசலுக்கு வருவார். மற்ற பெண்கள் 'ஏழுமலையானே' என்று கும்பிடும்போது ஆயாவால் அதைச் சொல்ல முடியாது. 'ஏடுகொண்டலவாடா, வெங்கடரமணா, கோவிந்தா கோவிந்தா' என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரல் எடுப்பார். எல்லையின் இரு புறமும் பழகிப்போன கோஷம்தான் அது. ஆனால் ஆயாவுக்கு அதில் ஒரு கூடுதல் சலுகை இருந்தது. தமிழில் கணவன் பெயர் என்று அடைபட்டுக் கிடந்தது, தெலுங்கில் சாமி பெயராகத் திறந்துகொண்டது. ஆண்டு முழுவதும் அடக்கிவைத்த பெயரை அன்றைக்கு ஆசைதீரக் கூப்பிட்டார் என்றே நான் நம்புகிறேன். அந்த நேரங்களில் தறியின் சத்தம் நின்றிருக்கும். தாத்தா, தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டுப்பாட்டை நான் நல்லது என்று சொல்லவில்லை. ஒரு பெண்ணின் நாக்குக்குப் போட்ட பூட்டு அது. பூட்டுக்கு ஆயா தன் ஊர் மொழிகளிலிருந்தே சாவி செய்துகொண்டார் என்பதில் எனக்குப் பெருமை.

பேரன் என்றாலே தாத்தா பெயரைச் சுமக்க வேண்டியவன். என் அண்ணனுக்கும் ஏழுமலை என்றே வைத்தார்கள். மாமனார் பெயர் என்பதால் அம்மாவும் சொல்ல முடியாது. பெற்ற அப்பன் பெயரை வைத்து 'வாடா போடா' என்று கூப்பிட அப்பாவுக்கும் வாய் வராது. அதனால் வீட்டில் அவன் 'நைனா'. வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குத் தெரியும், நைனா என்றால் தகப்பன். முழுப் பெயரையும் உரக்கச் சொல்லி அவனைக் கூப்பிட்டது பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான். எங்கள் தெருப் பிள்ளைகள் வாயில் ழகரம் நிற்காது, வாழைப்பழமே 'வாயப்பயம்' ஆகிவிடும் ஊர். அவர்களுக்கு அவன் 'ஏயுமலை'. பிறகு அதுவும் சுருங்கி 'மலை' ஆயிற்று. இன்றும் ஊரில் அவனை 'மலையண்ணா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அத்தையைப் புத்தூரில் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடந்தபோது புத்தூரும் எங்கள் ஊரும் ஒரே மாநிலம், ஒரே சித்தூர் மாவட்டம். எல்லைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1911-இல் வட ஆர்க்காட்டைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தபோது திருத்தணியும் எங்கள் பகுதியும் அதில் சேர்ந்தன. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு நாங்களும் அங்கே போனோம். மங்கலங்கிழார், ம.பொ.சிவஞானம் ஆகியோர் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைச் சிக்கலைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்பது அந்தப் போராட்டத்தின் முழக்கம். வேங்கடம் அங்கேயே நின்றுவிட்டது. திருத்தணி இங்கே வந்தது. தாத்தா தறியை விட்டு நகரவே இல்லை, மாநிலம்தான் அவரைச் சுற்றி மாறிக்கொண்டிருந்தது. மகள் வாக்கப்பட்ட ஊர் அடுத்த மாநிலமாகிவிட்டது.

புத்தூரில் அத்தையின் இரண்டாவது பிள்ளைக்குத் தாய்வழித் தாத்தா பெயர் வைப்பது முறை. ஏழுமலை என்றே வைத்தார்கள். தெலுங்கு எழுத்தில் ழகரம் இல்லை. பள்ளியில் எழுதிய ஆசிரியர் முதலில் 'ஏலுமலை' என்று எழுதினாராம். தெலுங்கில் ஏலுவது என்றால் ஆள்வது. மலையை ஆள்கிறவன் என்று வைத்துக்கொண்டாலும் பிழையில்லைதான். ஆனால் அந்த ஆசிரியருக்கே மனம் ஒப்பவில்லை. மறுநாள் அத்தை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நம் பக்கம் இதே பெயர் இருக்கிறதே என்று சொல்லி, 'ஏடுகொண்டலு' என்று திருத்தி எழுதினார். தெலுங்கு நாட்டில் அது நன்றாக வேரூன்றிய ஆண்பெயர். எண்ணுக்குப் பின்னால் பன்மை வந்தே ஆக வேண்டும் என்பது தெலுங்கின் முறை, ஆகவே கொண்ட 'கொண்டலு' ஆகிறது. தமிழுக்கு ஏழு என்று சொன்னாலே போதும், மலை ஒருமையில் நிற்கலாம். இப்படி ஒரே தாத்தாவின் பெயரைச் சுமந்த இரண்டு பேரன்கள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஏழுமலை, அந்தப் பக்கம் ஏடுகொண்டலு. அத்தை மகனை நாங்கள் 'பாவா' என்று கூப்பிடுவோம். ஆயா மட்டும் புத்தூருக்குப் போனால் வாய் நிறைய 'ஏடுகொண்டலு, ஏடுகொண்டலு' என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இங்குள்ள பேரனுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

தாத்தாவே இரண்டு பெயர்க்காரர்தான். அவருக்கு நூல் கொடுத்துத் துணி எடுத்துக்கொண்டது நகரியில் இருந்த ஒரு வியாபாரி. கூலி நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. நீளவாக்கில் மடிக்கும் சிவப்பு அட்டை நோட்டு. ஓரமெல்லாம் கஞ்சிப் பசை பட்டு விறைத்திருக்கிறது. மேலே உருண்டை உருண்டையான தெலுங்கு எழுத்தில் 'ஏடுகொண்டலு, பள்ளிப்பட்டு' என்று இருக்கும். பணம் வாங்கியதற்குக் கீழே தாத்தாவின் கையெழுத்து தமிழில், முதல் எழுத்தான 'ஏ'வின் கால் அடுத்த வரிவரை இறங்கியிருக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று எந்தப் பக்கத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. தமிழ் வழங்கும் நாட்டுக்கு வடக்கெல்லை வேங்கடம், தெற்கெல்லை குமரி என்று தொல்காப்பியப் பாயிரமே சொல்கிறது. அகநானூற்றில் மாமூலனார் 'வேங்கடத்து உம்பர் மொழிபெயர் தேஎம்' பற்றிப் பேசுகிறார். வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறிவிடும் நாடு. பொருள் தேடிப் போன காதலன் அந்த மலையைத் தாண்டித்தான் போகிறான். புல்லி என்ற கள்வர் கோமானுடைய, விழாக்கள் நிறைந்த வேங்கடத்தையும் அவர் பாடியிருக்கிறார். கம்பர் அந்த மலையை வடசொல்லுக்கும் தென்சொல்லுக்கும் வரம்பு என்றார். எல்லை என்று புலவர்கள் சொன்ன இடம் எங்களுக்கு நடுவீடு. திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் அதே சாமிக்குத் தெலுங்கில் ஆயிரக்கணக்கில் பாடிவைத்தார். சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் ரயிலுக்கு சப்தகிரி எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதுவும் ஏழுமலைதான், வடமொழியில். அந்த ரயிலில் ஏகாம்பரகுப்பம் தாண்டும்போது நகரி மூக்கு தெரியும். ஒரு காலத்தில் கடலில் வரும் மாலுமிகளுக்கே அடையாளமாக இருந்த சிகரம் அது. நடந்து போன எங்கள் பெரியவர்களும் அதைப் பார்த்துத்தான் அன்றைய தூரத்தை மதிப்பிட்டார்கள்.

இப்போது எங்கள் பக்கம் பிறக்கும் பிள்ளைகளில் ஏழுமலை என்ற பெயரை நான் கேட்பதே இல்லை. பெருமாள்மேல் இருந்த பற்றுக் குறையவில்லை. புரட்டாசியில் மஞ்சள் உடுத்தி நடக்கிற கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. பெயரைத்தான் கைவிட்டுவிட்டார்கள். 'ஷ்' என்று முடிய வேண்டும், எண் கணிதத்துக்குப் பொருந்த வேண்டும், பத்திரிகையில் அச்சிட்டால் பகட்டாக இருக்க வேண்டும். ஏழுமலை என்றால் கிராமத்தான் பெயர், கூலிக்காரன் பெயர் என்ற எண்ணம் படித்த பிள்ளைகளிடம் ஊறிவிட்டது. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கூலிக்காரர்கள் சுமந்ததால் ஒரு பெயர் தாழ்ந்துவிடுமா? புரோகிதர் எழுதிக்கொடுக்காமல், ஜாதகம் பார்க்காமல், தன் மொழியில், தன் கண்ணுக்குத் தெரிந்த மலைத்தொடரைப் பார்த்துத் தானே வைத்துக்கொண்ட பெயர் இது. எங்கள் பூட்டன் பூட்டிகள் நிலம் விட்டுப் போகவில்லை, நகை விட்டுப் போகவில்லை. விட்டுப் போனது இதுபோன்ற சில பெயர்களைத்தான்.

என் அண்ணன் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவன் படித்தவன், நல்ல வேலை, சொன்னால் கேட்டுக்கொள்கிறவன். கைப்பேசியில் நட்சத்திர எழுத்துக்குப் பொருத்தமாகப் பத்துப் பதினைந்து பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறான். அவன் மனைவிக்கோ ஆயா காலத்துக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், மாமனார் பெயரையும் தயங்காமல் சொல்கிறாள். "பெரிய பெயராக இருக்கிறதே அத்தை, பள்ளியில் கேலி செய்வார்களே" என்பது மட்டும்தான் அவள் கவலை. ஐந்தெழுத்துகூட இல்லாத பெயர் என்று எண்ணிக் காட்டினேன். புத்தூர் பாவாவிடம் போனில் பேசவைத்தேன். தன் பேரனுக்கு சப்தகிரி என்று வைத்திருப்பதாக அவர் சொன்னதும் அவள் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினாள். அண்ணனோ, தன் பெயரைத் தானே சிபாரிசு செய்வதா என்று வாயே திறப்பதில்லை.

அவசரமும் இல்லை. மருத்துவமனையிலிருந்து பிறப்பு மட்டும் பதிவாகியிருக்கிறது. பெயர்க் கட்டம் காலி. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் பதினைந்து ஆண்டு வரைகூடத் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். வீட்டில் கூப்பிட நீங்கள் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளுங்கள், பதிவேட்டில் ஏழுமலை என்று எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அண்ணன் மகன் கேட்டான். அவன் கேட்ட அந்தக் கேள்வியே எனக்குப் பாதி வெற்றி. 'எல்' போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், 'இஸட் எச்' போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், தொடக்கத்தில் 'ஒய்' சேர்ப்பவர்களும் உண்டு. அண்ணனுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று என்று ஆகி, எல்லாவற்றையும் ஒன்றாக்க அவன் அலைந்த அலைச்சல் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால், எந்த எழுத்தைப் போட்டாலும் சரி, பிறப்புச் சான்றிதழில் எழுதுவதையே ஆதாரிலும் பள்ளியிலும் எழுது, தமிழில் மட்டும் ழகரம் தவறாமல் எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.